வாங்காத கடனுக்கு நான் ஏன் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வாகனத்தைத் தவணைக்கு எடுக்கும் லீசிங் கடன்கள் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர்களை அறவிடும் நிறுவனங்கள் தேடி வருவதில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை வாசித்த பிறகு எனக்கு மற்றப் பக்கங்களில் மனம் செல்லவில்லை.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். லீசிங் எடுத்ததும் இல்லை, எங்கள் வீட்டில் வாகனம் இருந்ததும் இல்லை. ஆனால் சித்திரை முடிந்த கையோடு, முச்சக்கரவண்டி ஒன்றுக்கு நான் தவணை கட்டவில்லை என்று ஒரு கடன் அறவிடும் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. பிறகு சிவப்பு எழுத்தில் இறுதி அறிவித்தல் வந்தது. அதில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை.

என் முதலெழுத்தும் பெயரும் ஒழுங்கையின் பெயரும் அதில் சரி. வீட்டு இலக்கம் பிழை. அடையாள அட்டை இலக்கமும் என்னுடையது அல்ல. பழைய அட்டையில் பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் குறிப்பவை; பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருப்பார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். கடிதத்தில் அந்த இடத்தில் இருந்தது 214. கடன் வாங்கியவர் ஓர் ஆண் என்று அவர்களுடைய கடிதமே சொல்கிறது. தொலைபேசியில் பேசிய தம்பிக்கு இதைப் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுவிட்டு, அப்படியானால் நீங்கள் அந்த ஆள் இல்லை என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றார். கடன் ஒப்பந்தத்தின் பிரதியை முதலில் அனுப்புங்கள் என்று நான் கேட்டது இன்றுவரை வரவில்லை. என் அட்டையை நான் அனுப்பவும் இல்லை, அனுப்பப் போவதும் இல்லை. ஒருவர் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை வங்கி மூலம் எடுத்துப் பார்த்தேன். அதில் அப்படியொரு கடனே இல்லை.

அதோடு விட்டார்களா? வாசலில் நிற்கும் காவலாளியிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். கீழ்மாடிப் பிள்ளை லிப்டுக்குள் குரலைத் தாழ்த்தி, "மிஸ், காசு ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டாள். நான் படிப்பித்த பிள்ளை. என்னிடம் காசு இருக்கிறதா இல்லையா என்பது அவளுக்கு ஏன் தெரியவேண்டி வந்தது?

இந்த நகரத்தில் நான் யார் என்று நிரூபித்தே என் அரைவாசி வயது போய்விட்டது, ஐயா. யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்தோம். சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றோம். 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் தமிழ் ஆட்களை, கொழும்பில் நிற்கத் தகுந்த காரணம் இல்லை என்று விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அன்று கேட்டது அரசாங்கம். இன்று சம்பளத்துக்கு இருக்கும் ஒரு பையன் தொலைபேசியில் கேட்கிறான், நானும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமாம்.

மொழி விஷயமும் அப்படித்தான். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது என்பார்கள். வெள்ளவத்தைக்குத் தமிழில் விளம்பரத் துண்டு அச்சடித்து அனுப்பத் தெரிந்த கம்பனிகளுக்கு, வழக்குப் போடுவோம் என்று மிரட்டும்போது மட்டும் தமிழ் ஏன் மறந்துபோகிறது? எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். எங்கள் மாடியில் தனியே இருக்கும் அம்மாமாருக்கு வராது. அவர்களுக்கு இப்படியொரு கடிதம் வந்தால் பயத்தில் காசைக் கட்டிவிடுவார்கள்.

உண்மையிலேயே கடன் வாங்கியவர்களையும் இப்படி நடத்த யாருக்கும் உரிமை இல்லை. நுண்கடன் அறவீட்டின் கொடுமை தாங்காமல் 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அந்தப் பெண்களை நினைத்திருந்தால் உங்கள் கட்டுரையாளர் அந்த வரியை எழுதியிருக்கமாட்டார்.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2023 ஆகஸ்டில் வர்த்தமானியில் வெளிவந்தன. அவற்றைச் சாதாரண ஆட்களுக்கு விளங்கும் தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். மத்திய வங்கியின் 1935 என்ற முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்தையும், வங்கி, நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகமுன் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு அதன் பிரதியை வைத்திருக்க வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். இந்தக் கடன் என்னுடையது அல்ல, ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று பதிவுத் தபாலில் அனுப்பக்கூடிய மாதிரிக் கடிதம் ஒன்றும் வேண்டும். அதை வெட்டி எடுத்து எங்கள் தொடர்மாடி அறிவித்தல் பலகையில் நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி,
கொழும்பு 06.