உப்பை வறுத்தால் ஈயம் போகாது, அய்யா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் சமையல் பக்கத்தில் ஒரு வரி வந்திருந்தது. உப்பில் ஈயம், காட்மியம் மாதிரி நச்சு உலோகம் இருக்குமோ என்று பயப்படுகிறவர்கள் கல்லுப்பை வெறும் சட்டியில் வறுத்து வைத்துக்கொண்டால் போதும், உலோகக் கசடு நீங்கிவிடும் என்று. அதைப் படித்ததிலிருந்து மூன்று நாளாக எனக்கு வேலை ஓடவில்லை.

எங்கள் அம்மாயியும் உப்பை வறுப்பார், நானும் வறுக்கிறேன். மழைக்காலத்தில் உப்பு கசிந்து பரணிச் சாடியே ஈரமாகிவிடும், அதற்காக. சட்டி காய்ந்ததும் பரல்கள் படபடவென்று வெடித்து முகத்தில் தெறிக்கும். உப்பு விளையும்போது பரலுக்குள் மாட்டிக்கொண்ட துளி நீர் ஆவியாகி உடைத்துக்கொண்டு வருவதால்தான் அந்தச் சத்தம். போவது அந்த நீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்த ஈயமும் காட்மியமும் அடுப்புச் சூட்டுக்குப் பறந்துபோகிற சாமான் இல்லை, சட்டியிலேயே உப்போடு தங்கிவிடும். ஆசிரியருக்கு இது தெரியாதிருக்காது. தெரிந்தவர்கள் பார்த்து அச்சுக்கு விட்டார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

நான் கேரள எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக ஊறுகாய் போட்டு விற்கிறேன். மாவடு, கடுமாங்காய், உப்புமாங்காய் எல்லாம் உண்டு. மூட்டை மூட்டையாக உப்பு வாங்குகிறவள். உப்புமாங்காய்க்கு உப்புநீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வெள்ளை மல்துணியில் வடிகட்டுவேன். துணியில் சாம்பல் நிறத்தில் வண்டலும் இரண்டொரு கரும்பொடியும் நிற்கும். அதை வழித்து எறிந்துவிட்டு, தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது, சுத்தம் என்று வருடக்கணக்காக நம்பியிருந்தேன். துணியில் நிற்பது மண். கரைந்தது துணியைத் தாண்டிப் பரணிக்குள் போய்விடும் என்பதை, கோவையில் வேதியியல் படித்த என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் எடுத்துக் கொடுத்த கணக்கு இது. கோடெக்ஸ் என்ற உலக உணவுத்தர அமைப்பு 1985-இல் கொண்டுவந்த தரத்தின்படி ஒரு கிலோ உப்பில் ஈயம் 2 மில்லிகிராம், ஆர்செனிக் 0.5, காட்மியம் 0.5, பாதரசம் 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. ஈயம் 2 மில்லிகிராம் உள்ள உப்பை ஒருவர் நாளைக்கு 5 கிராம் சாப்பிட்டால் 10 மைக்ரோகிராம் ஈயம் உள்ளே போகும். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈயத்தில் இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லவே முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்கள் உடம்பைவிடச் சின்னக் குழந்தைகள் உடம்பு அதை நாலைந்து மடங்கு உறிஞ்சுமாம். என் பேரனுக்கு ஐந்து வயது. உப்புமாங்காய்த் தண்ணீரைச் சோற்றில் விட்டுப் பிசைந்து தின்கிற பிள்ளை.

கடையில் விற்கிற உப்பெல்லாம் விஷம் என்று பீதி கிளப்ப நான் எழுதவில்லை. தூத்துக்குடி உப்பைத் தின்று வளர்ந்தவள்தான் நானும். உப்பளத்துக்காரர்கள் வெயிலில் கால் வெந்து வாரிக் கொடுப்பது அது. உலோகம் குறைய வேண்டுமானால் அங்கேயே குறைய வேண்டும். பாத்திக்கு எந்தத் தண்ணீர் பாய்கிறது, உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்புநீரை நேரத்துக்கு வடிக்கிறார்களா, வாரிய உப்பைச் சுத்தமான செறிந்த உப்புநீரில் அலசுகிறார்களா, இதையெல்லாம் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு வீட்டுப் பெண்கள் தலையில் சட்டியைக் கட்டுவது நியாயமா?

இதை விசாரிக்கலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் உப்பில் அயோடின் பார்க்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டார், ஊதா நிறமாயிற்று. "அயோடின் உண்டல்லோ, பின்னெ எந்தா?" என்றார். அயோடின் வேண்டியதுதான். 2006-இலிருந்து நாடு முழுக்க அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாதே. ஆனால் அந்தச் சொட்டு ஈயத்தைக் காட்டாது. மேற்கொண்டு கேட்டதற்கு ஒரு விண்ணப்பத்தை நீட்டினார், முழுக்க மலையாளத்தில். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழில் எழுத இங்குள்ள தமிழர்கள் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது என்றேன். அப்புறம் வாருங்கள் என்றார். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கேட்டால், நீங்கள் கேரளமாயிற்றே என்கிறார்கள்.

ஈயமும் காட்மியமும் எங்கள் தாலுகாவுக்குப் புது வார்த்தைகளும் இல்லை. பிளாச்சிமடை இந்தச் சித்தூர் தாலுகாவில்தான் இருக்கிறது. குளிர்பான ஆலையின் கழிவுச் சேற்றை உரம் என்று விவசாயிகளுக்குச் சும்மா கொடுத்தார்கள். 2003-இல் பிபிசி வானொலி அதை எடுத்துப்போய்ப் பரிசோதிக்க வைத்தபோது வெளிவந்தவை இந்த இரண்டும்தான். முன்னே நின்ற மயிலம்மாவும் ஊர்ச்சனமும் பந்தலில் உட்கார்ந்து போராடி, 2004-இல் ஆலை நின்றது. 216 கோடி ரூபாய் நஷ்டம் என்று 2010-இல் அரசுக் குழுவே மதிப்பிட்டது. அதற்கு ஈடு வாங்கித் தர 2011-இல் சட்டசபை மசோதா நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. மயிலம்மா 2007-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இதையெல்லாம் பார்த்த ஊர்க்காரர்களிடம் வறுத்தால் போய்விடும் என்று சொன்னால் எப்படிப் பொறுப்பது, அய்யா?

காலை முதல் பஸ்ஸில் வரும் உங்கள் பத்திரிகைக்காக நாற்சந்தியில் காத்து நிற்கிற தமிழர்கள் நாங்கள். எங்கள் ஊர்ச் செய்திக்கு அதில் இடமில்லாவிட்டால்கூட வாங்குகிறோம், நீங்கள் எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்பி.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரி தவறு என்று அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். உப்பில் உலோகம் பார்த்துத் தரும் ஆய்வகம் எது, கட்டணம் என்ன என்று விசாரித்து அதற்குக் கீழேயே வெளியிடுங்கள். மாசி கடைசியில் மாவடு வரத்து ஆரம்பித்துவிடும். நான் உப்பு மூட்டை வாங்குவதற்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஊறுகாய் போடும் வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.