கோடு போடும் முன் கூப்பிடுங்கள்

நகர மையத்தைச் சீரமைக்க ஒன்றுகூடும் மாநகராட்சி அலுவலர்கள், மாமன்ற உறுப்பினர்கள், கட்டட உரிமையாளர்கள், வணிகர் சங்கத்தார், குடியிருப்போர் சங்கத்தார், தொண்டு அமைப்பினர் அனைவருக்கும்,

வணக்கம்.

களையிழந்த கடைவீதிக்கு மறுபடி களை வர வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசச் சம்மதித்திருக்கிறீர்கள். இது சின்ன விஷயம் இல்லை. அவரவர் வேலையை அவரவர் பார்த்ததில்தான் நகர மையங்களுக்குப் பாதிச் சேதம் நடந்தது. ஒரு துறை தார் போடும். மூன்று மாதம் கழித்து இன்னொரு துறை குழாய் பதிக்க அதையே தோண்டும். மின்துறை வைத்த பெட்டி நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். நடைபாதை கட்டியவர்கள் அது தங்கள் பொறுப்பல்ல என்பார்கள். அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் புறவழிச்சாலைப் பக்கம் இடம் மாறும். அவற்றோடு நடுநகரத்தின் பகல்நேர நடமாட்டமும் கிளம்பிப் போகும் என்று கணக்குப் போட ஆள் இருக்காது. கீழே கடை, மேலே வீடு என்றிருந்த கட்டடங்களில் மாடி பூட்டிக் கிடக்கும். மாடியில் விளக்கு எரியாத தெருவில் இரவு ஏழு மணிக்கு மேல் யார் நடப்பார்கள்?

இதையெல்லாம் தனித்தனியாகச் சரிசெய்ய முடியாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கூட்டு. நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். இந்தக் கூட்டுக்கு யாரை அழைக்கிறீர்கள், எப்போது அழைக்கிறீர்கள்?

வழக்கமாக என்ன நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆலோசனை நிறுவனம் வரும், அளவெடுக்கும், வரைபடம் தயாராகும். மரங்களும் பெஞ்சுகளும் சிரிக்கும் குழந்தைகளும் நிறைந்த வண்ணப் படம் ஒன்று செய்தித்தாளில் வரும். விரிவான திட்ட அறிக்கைக்கு ஒப்புதல் வாங்கியாகிவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் கருத்துக்கேட்புக் கூட்டம். வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்து, சரக்கு வண்டி எங்கே நிற்கும் என்று கேட்பார். குறித்துக்கொள்கிறோம் என்பார்கள். தெருவின் அகலம், வண்டி போகும் திசை, கடை வைக்கும் இடம் எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. பெஞ்சுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் மட்டும்தான் கருத்துச் சொல்ல இடம் மிச்சம். இதைக் கூட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யாரை என்ற கேள்விக்கு வருகிறேன். நகர மையத்தில் கட்டடம் வைத்திருப்பவர் ஒருவர், அதில் கடை நடத்துபவர் பெரும்பாலும் வேறொருவர். வணிகர் தரப்பு என்று கூட்டத்துக்கு வருகிறவர் இவர்களில் யார் என்று தயவுசெய்து பாருங்கள். இரண்டு பேருடைய நலனும் ஒன்றில்லை. தெரு அழகானால் உரிமையாளருக்குச் சொத்து மதிப்பு ஏறும். கடைக்காரருக்கு ஏறுவது வாடகை. வேலை நடக்கும் மாதங்களில் கடை வாசலில் பள்ளம் கிடக்கும்போது உரிமையாளருக்கு வாடகை வந்துகொண்டுதான் இருக்கும். நட்டம் முழுவதும் வாடகைதாரர் தலையில். பல வருடம் அந்தத் தெருவைக் கைவிடாமல் காத்தவர், தெரு நன்றாக ஆன மறு வருடமே காலி செய்யும்படி ஆகிறது. நடைபாதை வியாபாரியின் நிலை இன்னும் மோசம். அவர் பெயர் அறிக்கையில் ஆக்கிரமிப்பு என்ற தலைப்பின் கீழ்தான் வரும்.

சியோல் நகரை நீங்கள் உதாரணம் காட்டுவீர்கள். காட்ட வேண்டியதும்தான். நகர நடுவில் மேம்பாலச் சாலையைப் பெயர்த்தெடுத்து, அதன் அடியில் மூடிக் கிடந்த சொங்கேச்சோன் ஓடையை ஏறத்தாழ 5.8 கிலோமீட்டருக்குத் திறந்துவிட்டார்கள். 2003இல் தொடங்கி 2005இல் முடித்த வேகம் இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் அங்கே தெருவில் விற்றுக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள்? தோங்தேமுன் விளையாட்டரங்கத்துக்குள் மாற்றப்பட்டார்கள். சில வருடங்களில் அந்த அரங்கமும் இடிக்கப்பட்டது. அங்கே வடிவமைப்புக்குப் பெயர்போன புதிய மாளிகை ஒன்று எழுந்தது. வியாபாரிகள் மறுபடி மூட்டை கட்டினார்கள். ஓடை அழகாகத்தான் இருக்கிறது. அதன் கணக்கில் இவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இதைவிட எனக்கு நெருக்கமான உதாரணம் தென்னாப்பிரிக்காவின் டர்பன். அங்கே வார்விக் சந்திப்பு என்று ஓர் இடம். ரயிலும் பேருந்தும் வாடகை வேன்களும் வந்து சேரும் இடம். நாள்தோறும் லட்சக்கணக்கானோர் கடந்துபோகிறார்கள், ஆயிரக்கணக்கானோர் தெருவில் விற்றுப் பிழைக்கிறார்கள். நிறவெறி ஆட்சியில் இவர்களை விரட்டுவதுதான் நிர்வாகத்தின் வேலையாக இருந்தது. ஆட்சி மாறியபின், 1990களின் நடுவில், மாநகர அரசு வேறு பாதையில் போனது. பல துறைகளின் ஆட்களை ஒரே குழுவாகச் சேர்த்தார்கள். அந்தக் குழுவுக்கான அலுவலகத்தைத் தலைமையிடத்தில் வைக்காமல் சந்திப்புக்குள்ளேயே போட்டார்கள். என் கண்ணில் எல்லாவற்றையும் மாற்றிய முடிவு அதுதான். வியாபாரி தன் குறையைச் சொல்ல மாடி ஏறி மனு கொடுக்க வேண்டியதில்லை. அதிகாரி தெருவைப் பார்க்க வண்டி எடுக்க வேண்டியதில்லை.

அங்கே மூலிகை விற்பவர்கள் வெயிலிலும் மழையிலும் நடைபாதையில் கிடந்தார்கள். பக்கத்திலேயே நெடுஞ்சாலை மேம்பாலத்தின் கிளை ஒன்று பயன்படாமல் நின்றது. அதை மூலிகைச் சந்தையாக்கி, ஜனங்கள் நடந்து வரும் வழியோடு பாலம் போட்டு இணைத்தார்கள். ஜனங்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்பது அங்கே விற்பவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வரைபடத்துக்கும் தெரியாது. அதே வியாபாரிகள்தான் குற்றத்தைத் தடுக்கத் தங்களுக்குள் ஓர் அமைப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். நாள் முழுவதும் தெருவில் இருப்பவரைவிட நல்ல காவல் ஏது?

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2009இல் அதே மாநகராட்சி, அந்தச் சந்திப்பின் அதிகாலைச் சந்தையை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டும் திட்டத்தை முன்வைத்தது. ஏறத்தாழ நூறு வயதான சந்தை அது. ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்துபோன இந்தியர்களின் குடும்பங்கள், அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் பல, தோட்டம் போட்டுக் காய்கறி விற்று உண்டாக்கியது. போராட்டமும் வழக்கும் நடந்தன; கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது, சந்தை பிழைத்தது. ஆனால் பத்து வருடங்களுக்கு மேல் பேசிப் பேசிச் சேர்த்த நம்பிக்கை ஒரே அறிவிப்பில் ஆட்டம் கண்டது. முன்பு அந்தச் சீரமைப்பில் வேலை செய்தவர்கள் மாநகராட்சியை விட்டு வெளியே வந்து 2008இல் தொடங்கிய அமைப்பொன்று அந்த நாட்களில் வியாபாரிகளுக்குத் துணை நின்றது. அமைப்பின் பெயர் ஆசியே எத்தாஃபுலேனி. ஜூலு மொழியில் அதற்கு, பேசித் தீர்க்க மேசைக்குப் போவோம் என்று பொருள்.

இப்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். அந்த எண்ணத்துக்கும் வலுவான சாட்சி உண்டு. பிரேசிலின் குரிச்சிபா நகரில் 1972 மே மாதம், மேயர் ஜைமெ லெர்னர் முக்கியக் கடைவீதியை நடப்பவர்களுக்கு மட்டுமான தெருவாக மாற்றினார். வெள்ளி மாலை தொடங்கிய வேலை 72 மணி நேரத்தில் முடிந்தது. கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றத்துக்குப் போக அவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. பிறகு அவர்களே அந்தத் தெருவை இன்னும் நீட்டச் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் லெர்னர் ராணுவ ஆட்சிக் காலத்தில் நியமிக்கப்பட்ட மேயர். வாக்குக் கேட்டு வந்தவர் அல்ல. அந்தத் தெரு நன்றாக அமைந்தது என்பதால் அந்த வழிமுறையும் நல்லது என்று ஆகாது. அதே வேகத்தில், அதே அதிகாரத்தில் செய்யப்பட்டு நாசமான வேலைகள் எத்தனையோ.

குரிச்சிபாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. செய்து காட்டினால் மனம் மாறும். கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் தெருவை 1962இல் வண்டிகளுக்கு மூடியபோது அதைச் சோதனை முயற்சி என்றுதான் அறிவித்தார்கள். பிடித்துப்போனபின் நிரந்தரமாக்கினார்கள். கருங்கல் பதிக்கும் முன் மரத்தடுப்பும் சாயக்கோடும் வைத்து மூன்று மாதம் பாருங்கள். தவறென்று தெரிந்தால் ஒரே நாளில் எடுத்துவிடலாம்.

இனி பணம். திறப்பு விழா வரைக்கும் நிதி இருக்கும். அடுத்த வருடம் உடைந்த தரைக்கல்லை மாற்ற நிதி இருக்காது. இதற்கு 1970இல் டொரன்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். அவர்கள் தெருவுக்கு அடியில் சுரங்க ரயில் ஓட ஆரம்பித்தது, மேலே ஆள் நடமாட்டம் குறைந்தது. பெரிய வணிக வளாகங்கள் வேறு இழுத்துக்கொண்டிருந்தன. சந்தா கொடுப்பவர் கொடுக்க, கொடுக்காதவரும் பலனை அனுபவித்தால் எந்தச் சங்கமும் நிலைக்காது. அதனால் அந்த வட்டாரத்தின் எல்லா வணிகச் சொத்துக்கும் ஒரு தனித் தீர்வை. மாநகராட்சி வசூலிக்கும்; வசூலித்த பணம் அந்த வட்டாரத்துக்கே திரும்பி வரும்; எப்படிச் செலவிடுவது என்பதை வட்டாரத்தின் மேலாண்மைக் குழு தீர்மானிக்கும். இந்த ஏற்பாடு இன்று பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

பரவிய இடத்தில் ஒன்று மாறியதைக் கவனியுங்கள். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டப்படி கடையின் வாடகைதாரரும் உறுப்பினர்தான். நியூயார்க்கில் இதே வகை அமைப்புகளின் குழுவில் சொத்து உரிமையாளர்களுக்கே பெரும்பான்மை இருக்க வேண்டும். தீர்வையைக் கடைசியில் வாடகையோடு சேர்த்துக் கட்டுபவர் வாடகைதாரர் என்றால், அவருக்கு வாக்கில்லாத குழுவை நான் நியாயமானது என்று ஏற்க மாட்டேன். நடைபாதை வியாபாரிகளுக்கும் அப்படியே. இந்தியாவின் 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம், தெரு வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் தெரு வியாபாரிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. அந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. சட்டத்தில் இருப்பது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது தனிப் போராட்டம். ஆனாலும் எண்ணிக்கையை எழுத்தில் வைத்தார்களே, அது முக்கியம். பிரதிநிதித்துவம் வழங்கப்படும் என்று எழுதினால் ஒரே ஒருவரை மூலையில் உட்கார வைத்துவிடலாம்.

பணத்தைவிட அரிதானது, இதையே வேலையாகப் பார்க்கும் ஓர் ஆள். அமெரிக்காவில் 1977இல் சிற்றூர்களின் கடைவீதிகளைக் காக்க மூன்று ஊர்களில் சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். அதிலிருந்துதான் 1980இல் தேசிய மெயின் ஸ்ட்ரீட் மையம் பிறந்தது. அந்த மூன்றிலும் ஊருக்கொரு முழுநேர மேலாளரை அமர்த்தினார்கள். காலி கடைக்கு ஆள் தேடுவது, உரிமையாளரிடம் வாடகை பேசுவது, பழைய முகப்பைச் சிதைக்காமல் பழுது பார்க்க வழி சொல்வது, எந்தத் துறையில் கோப்பு நிற்கிறது என்று துரத்துவது எல்லாம் ஒரே ஆள். ஆணையர் மாற்றலாகிப் போவார், மாமன்றத்துக்குத் தேர்தல் வரும். தெருவை அறிந்த ஒருவர் மாறாமல் இருக்க வேண்டும்.

உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். ஒப்பந்தப்புள்ளி கோரும் முன், ஏன், அளவெடுக்கும் முன்பே, வாடகைதாரர்களையும் நடைபாதை வியாபாரிகளையும் துப்புரவுப் பணியாளர்களையும் மாடிகளில் இன்னும் குடியிருப்பவர்களையும் அழையுங்கள். அவர்கள் தங்கள் ஆட்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும். கூட்டத்தை அவர்கள் கடை நேரம் முடிந்தபின் வையுங்கள். பகல் பதினொரு மணிக்கு வைத்தால் யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பொதுப்பணத்தில் முகப்பைப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமையாளர் இத்தனை வருடத்துக்கு வாடகையை இதற்கு மேல் ஏற்றமாட்டேன் என்று கையெழுத்துப் போடட்டும். வேலை நடக்கும் மாதங்களில் வியாபாரம் படுத்தவர்களுக்கு ஈடு கொடுக்கும் தொகையைத் திட்டச் செலவிலேயே ஒதுக்குங்கள். யாராவது இடம் மாற வேண்டியிருந்தால், புதிய இடம் தயாராகி, அங்கே ஆள் நடமாட்டம் உண்டு என்று அவர்களே நேரில் பார்த்துச் சொன்னபின் மாற்றுங்கள்.

முதல் கூட்டத்துக்கு முன் எல்லோருமாக ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து வாருங்கள். கடை திறக்கும் முன் விடியற்காலையில் ஒரு நடை, எல்லாம் மூடியபின் இரவில் ஒரு நடை. வழியில் எதிர்ப்படுகிறவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பிதழ் பட்டியலை அங்கிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
நகர மையத்தை நம்பி வாழும் ஒருவர்