பல் விழாத வாள்

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அடுத்த பத்தி என்னை வருத்திவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் வாள் உன் தாத்தா சொல்லிவந்தபடி மருது பாண்டியர் காலத்தது அல்ல, நூறு ஆண்டுகூட இருக்காது என்று பார்க்க வந்தவர் சொன்னாராம். அதன்பிறகு அதைத் தொடவே மனம் வரவில்லை என்கிறாய்.

மகளைப் பார்க்கப் போலந்து போனபோது கிராக்கோவின் வாவெல் கோட்டையில் ஒரு வாளைப் பார்த்தேன். ஷ்செர்பியெட்ஸ் என்று பெயர். நம் வாக்கில் சொன்னால் 'பல் விழுந்த வாள்'. 1018இல் போலந்தை ஆண்ட போலெஸ்லாவ் கீவ் நகரைப் பிடித்து, அதன் பொன்வாசலில் ஓங்கி வெட்டியபோது அலகில் பல் விழுந்ததாம். கண்ணாடிப் பெட்டியருகே குனிந்து நெடுநேரம் தேடினேன். ஒரு பல்கூட விழவில்லை, சிதம்பரம். அலகு நேராக, வழவழப்பாக இருக்கிறது.

வாசல் கதையும் நிற்கவில்லை. கீவின் பழைய ஆண்டுக்குறிப்பு அந்தப் பொன்வாசலை 1037ஆம் ஆண்டில் சொல்கிறது. போலெஸ்லாவோ 1025இலேயே இறந்துவிட்டான். அவனுடைய கொள்ளுப்பேரன், அவனும் ஒரு போலெஸ்லாவ், 1069இல் கீவுக்குள் நுழைந்தான். கதை அவனுடையது என்பாரும் உண்டு. அவன் கையிலும் இந்த வாள் இருந்திருக்க முடியாது. பிடியின் வடிவத்தையும் பொன்தகட்டு வேலைப்பாட்டையும் வைத்து, பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதிக்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்றே அறிஞர்கள் கணிக்கிறார்கள்.

பிடியில் இருந்து தொலைந்துபோன ஒரு தகட்டில் இளவரசன் போலெஸ்லாவின் வாள் இது என்று பொறித்திருந்ததாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்தப் பெயரில் பல இளவரசர்கள் இருந்தார்கள்; எவன் என்பதில்தான் இன்றுவரை வழக்கு. யாரோ ஒரு சிற்றரசனின் பெயரைப் படித்தவர்கள், தங்களுக்குத் தெரிந்த பெரிய போலெஸ்லாவையே நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் பொய் சொல்லும் எண்ணம் இருந்திருக்காது. உன் தாத்தாவும் அப்படித்தான்.

ஆனால் 1320இல் வாவெலில் முடிசூடியவன் ஏந்தியது இதே வாள்தான். 1764 வரை அரசர்கள் இதை ஏந்தி முடிசூடினார்கள். 1795இல் பிரஷ்யர்கள் கருவூலத்தைக் கொள்ளையடித்து, மணிமுடிகளைப் பின்னர் உருக்கிவிட்டார்கள். இது எப்படியோ தப்பி ரஷ்யா போய், 1928இல் திரும்பியது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கனடாவுக்குக் கப்பலேறியது. 1959இல்தான் மறுபடி வீடு சேர்ந்தது. இந்த வாளுக்கு 1018 எதற்கு?

உங்கள் வாளைப் பரணிலிருந்து இறக்கு. துருவை மட்டும் சுரண்டிவிடாதே. மணல்தாள், புளி எதுவும் வேண்டாம். எழுத்து ஏதும் இருந்தால் அதோடு போய்விடும். மெல்லிய துணியால் துடைத்து, பிடியையும் அலகின் அடிப்பகுதியையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. தாத்தா அதை யாரிடமிருந்து வாங்கினார் என்று உன் அத்தையிடம் கேட்டு எழுதி வை. அவருக்கு எண்பத்தெட்டு ஆகிறதே, இந்த வாரமே போய்க் கேள்.

அன்புடன்,
ராமநாதன்