2003-ல் படிக்காமல் விட்ட பகுதி

ஆசிரியருக்கு வணக்கம்.

டி.என்.ஏ., குரோமோசோம் பற்றிய கட்டுரை எளிய தமிழில் வந்தது மகிழ்ச்சி. ஆனால் 'மனித ஜீனோம் (மனிதனின் டி.என்.ஏ. தொகுப்பு முழுவதும்) 2003-லேயே முழுவதுமாகப் படிக்கப்பட்டுவிட்டது' என்று அதில் வந்த வரியைத் திருத்த வேண்டும். அந்த ஆண்டு முடிந்தது ஏறத்தாழ 92 விழுக்காடுதான். இடைவெளி இல்லாத 305 கோடி டி.என்.ஏ. எழுத்துகளின் வரிசை 2022 மார்ச்சில் வெளியானது. ஒய் குரோமோசோம் முழுமை பெற்றது 2023 ஆகஸ்டில்.

ஏன் இத்தனை தாமதம்? குரோமோசோமை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மூச்சில் படிக்கும் கருவி கிடையாது. துண்டுகளாக்கிப் படித்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடங்களை வைத்துக் கணினி கோக்கிறது. குரோமோசோமின் இரு கைகளும் சேரும் இடமான சென்ட்ரோமியரில் 171 எழுத்துள்ள ஒரே தொடர், சின்னச் சின்ன வேறுபாடுகளோடு, ஆயிரக்கணக்கான முறை அடுத்தடுத்து வருகிறது. சில நூறு எழுத்து நீளத் துண்டில் அது இரண்டு மூன்று முறை இருக்கும். அது ஐம்பதாவது பிரதியா ஐந்நூறாவது பிரதியா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பல்லாயிரம் எழுத்துகளை ஒரே துண்டாகப் படிக்கும் முறை வந்த பிறகே சிக்கல் அவிழ்ந்தது.

தேர்ந்தெடுத்த செல்லும் கைகொடுத்தது. நம் செல்களில் தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் கலந்திருப்பதால் கோக்கும்போது குழப்பம் வரும். எனவே முத்துப்பிள்ளை கர்ப்பத்திலிருந்து (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் வளரும் கர்ப்பம்) வந்த செல்களை எடுத்தார்கள். அதில் விந்தணுவின் 23 குரோமோசோம்களே இரட்டித்திருக்கும். இரண்டு பிரதியும் ஒன்றே. அந்தச் செல்லில் ஒய் இல்லை, அதனால்தான் அது தனியாக வந்தது.

2003-ல் விடுபட்டவற்றில் 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்களின் குட்டைக் கைகளும் உண்டு. இது மருத்துவத்தோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி. 14-ம் 21-ம் இங்கே ஒட்டிக்கொண்டால் அந்த நபருக்குக் குரோமோசோம் எண்ணிக்கை வழக்கமான 46-க்குப் பதில் 45 ஆகும். இழந்த குட்டைக் கைகளில் உள்ள மரபணுக்களின் பிரதிகள் மற்ற குரோமோசோம்களிலும் இருப்பதால் அவர் நலமாகவே இருப்பார். ஆனால் பிள்ளைக்கு டவுன் நோய்க்குறி (21-ம் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) வரும் வாய்ப்பு கூடும். ஒட்டிய இடம் திரும்பத்திரும்ப வரும் தொடர்களுக்குள் இருப்பதால், குறுந்துண்டு முறையில் ஜீனோமைப் படிக்கும் பரிசோதனை இதைத் தவறவிடும். எழுத்து கூடவோ குறையவோ செய்ததா என்று பார்க்கும் மைக்ரோஅரேயும் இதைக் காட்டாது.

இதைக் காட்டுவது, குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணும் பழைய கேரியோடைப் சோதனைதான். அதற்கு உயிருள்ள செல் தேவை. ரத்தத்தை ஹெப்பாரின் குழாயில் எடுக்க வேண்டும், டி.என்.ஏ. பிரிக்கப் பயன்படும் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்தால் செல் வளர்ப்பு பெரும்பாலும் கெட்டுவிடும். சுமார் மூன்று நாள் வளர்த்து, பிரியும் நிலையில் செல்லை நிறுத்தி, சாயமேற்றி, வழக்கமாக 20 செல்களில் எண்ணுவார்கள். குழந்தைக்கு இடமாற்ற வகை (இப்படி ஒட்டிய குரோமோசோமால் வந்த) டவுன் நோய்க்குறி என்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன் தாய், தந்தை இருவருக்குமே இந்தச் சோதனை வேண்டும். திருத்தம் வெளியிடும்போது இதையும் சேர்த்து அச்சிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்