கிழமைகளையாவது முதலில் சொல்லுங்கள்: நேர்சிங் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் பிராக்டிகல் நேர்சிங் (நேர்ஸாவதற்கான கல்லூரி டிப்ளோமாப் படிப்பு) கற்பிக்கும் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும் அனுமதி அலுவலர்களுக்கும்,

வணக்கம். இந்த மடலின் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக வந்திருக்கும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் பிஎஸ்டபிள்யூ வேலை, அதாவது முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கிற உதவியாளர் வேலை, செய்துகொண்டு, "நேர்சிங் படிக்கலாமா, இந்த வயதில் சரிவருமா" என்று யோசித்தபடி இருக்கிற அக்காமாரும் தங்கச்சிமாரும் இதை வாசிக்கவேண்டும். வாசித்துவிட்டு அவர்களும் உங்களுக்கு எழுதவேண்டும்.

கேட்பது ஒன்றுதான். வகுப்பு வாரத்தில் எந்தெந்தக் கிழமைகளில் என்பதை, நாங்கள் இடத்தை ஏற்று முற்பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள்.

உயர்பள்ளி முடித்து நேரே வருகிற பிள்ளைக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இரவு வேலை, பதினொன்றிலிருந்து ஏழு வரை. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். நான் எந்த நாளில் எங்கே நிற்பேன் என்பதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் மற்றவர்களின் நாளும் ஓடுகிறது.

19 வயது நிரம்பியவர்களை முதிர்ந்த மாணவர்களாக ஏற்கிறீர்கள், நல்லது. ஆனாலும் ஆங்கிலம், கணிதம், உயிரியல், இரசாயனம் எல்லாவற்றுக்கும் உயர்பள்ளித் தரத்தில் புள்ளி காட்டவேண்டும். ஊரில் உயர்தரம் வரை விஞ்ஞானம் படித்தவள்தான் நான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்ததில் சான்றிதழ் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே முதலிலிருந்து தொடங்கினேன். ஒன்ராறியோவில் ஒரு கிரெடிற், அதாவது ஒரு உயர்பள்ளிப் பாடம் முடிக்க, 110 மணித்தியாலம். சிலர் மாகாணத்தின் கல்வி ஒளிபரப்பு நிறுவனமான டிவிஓவின் தொலைக்கல்வியில் வீட்டிலிருந்தே படிக்கிறார்கள், செலவும் குறைவு. எனக்கு ஆசிரியரின் முகத்தைப் பார்த்தால்தான் ஏறும். அதனால் வளர்ந்தோர் பள்ளியின் இரவு வகுப்பு. ஆறு மணிக்கு வகுப்பு, ஒன்பதுக்குப் பஸ், பதினொன்றுக்கு வேலை. நித்திரை என்பது காலையில் பிள்ளைகள் போனபிறகு கிடைக்கிற துண்டு.

கஷ்டம் சொல்லி இடம் கேட்கிறாள் என்று நினைக்கவேண்டாம். படிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. மருந்துக் கணக்கு எல்லாவற்றிலும் கூடப் பிடித்திருக்கிறது. 375 மில்லிகிராம் கொடுக்கவேண்டும், போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் இருக்கிறது, எவ்வளவு எடுப்பது? ஏழரை மில்லிலீற்றர். சோறு வடித்துக்கொண்டே போடலாம். இரசாயனத்தில் அணு, மூலக்கூறுகளை எண்ணுகிற மூல் கணக்கு வரும்போதுதான் தலை சுற்றுகிறது. ஒரு நேர்ஸ் தன் வாழ்நாளில் எந்த வார்டில் நின்று மூல் கணக்குப் போடுகிறார் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. சரி, அது வேறு மடலுக்கான விஷயம்.

உயிரியலில் இரத்த மயிர்க்குழாய்கள் பற்றிய பாடம் வந்தபோது, வகுப்பில் மற்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள். நான் எங்கள் இல்லத்தில் படுக்கையில் இருக்கும் ஒரு அம்மாவின் இடுப்பை நினைத்தேன். தானாகப் புரள முடியாதவர்களை இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்கிறோம். அப்போது நாரிக்குக் கீழே, குதிக்காலில், தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்போம். சிவந்திருந்தால் விரலால் மெல்ல அழுத்தி எடுக்கவேண்டும். ஒரு கணம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. அழுத்தியும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் இந்தச் சிவப்பு சட்டென்று கண்ணில் பிடிபடாது. அங்கே சூட்டையும் தோலின் இறுக்கத்தையும் கை வைத்துத்தான் அறியவேண்டும். இதையெல்லாம் வருடக்கணக்காகச் செய்துவிட்டு வந்தவளுக்குப் பாடம் எவ்வளவு சுலபமாக ஏறும் என்று நினைத்துப் பாருங்கள். சிவப்பைக் கண்டதும் நான் இப்போது செய்யக்கூடியது நேர்ஸைக் கூப்பிடுவது. கூப்பிட்டதும் வருகிறவளாக இருக்கவேண்டும் என்றுதான் படிக்கிறேன்.

இனி அட்டவணை. ஒரு கல்லூரியின் அறிமுக மாலையில் இதைக் கேட்டேன். பெயர் வேண்டாம். "முழுநேர மாணவர் திங்கள் முதல் சனி வரை எந்த நேரமும் தயாராக இருக்கவேண்டும். அட்டவணை ஓகஸ்ற் கடைசியில் வரும்" என்று பதில் வந்தது. சொன்னவர் சிரித்த முகத்தோடு மரியாதையாகத்தான் சொன்னார். பின்வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து போனதை அவர் கவனித்தாரோ தெரியாது.

ஓகஸ்ற் கடைசியில் என்றால் எங்களுக்கு என்ன நடக்கும்? எங்கள் ஷிப்ற் பட்டியல் வாரக்கணக்கில் முன்பே ஒட்டப்படுகிறது. முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்துக்கு மாறுவதானால் அதற்கும் முன்பே எழுதிக் கொடுக்கவேண்டும். மாறினால் பிள்ளைகளின் பல்லுக்கும் மருந்துக்கும் இருக்கிற காப்புறுதியில் கை வைக்கவேண்டி வரும். அதனால் தேவைக்கு மேல் ஒரு நாளும் விட்டுக்கொடுக்க மனம் வராது. பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்திலோ காத்திருப்போர் பட்டியல். எந்தக் கிழமைகள் என்று தெரியாமல், எந்தக் கிழமைக்கு இடம் கேட்பது? ஆக, உறுதியான வேலையை விட்டுவிட்டு, உறுதியில்லாத நாட்களுக்காகக் காத்திரு என்கிறீர்கள். துணிந்தவர்கள் விடுகிறார்கள். மற்றவர்கள் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள், அப்புறம் அதுவே வழக்கமாகிவிடுகிறது.

உங்கள் பக்கமும் தெரியும். கிளினிக்கலுக்கு, அதாவது நோயாளரோடு செய்கிற பயிற்சிக்கு, எந்த வார்ட், எந்த நாள் என்பதை மருத்துவமனைகள் உறுதிசெய்யவேண்டும், கூட நிற்க ஆசிரியர்கள் கிடைக்கவேண்டும். அது முழுக்க உங்கள் கையில் இல்லை. ஆனால் வகுப்பறை உங்களுடையது, ஆய்வுகூடம் உங்களுடையது. இந்தப் பிரிவுக்குச் செவ்வாயும் வியாழனும் வகுப்பு, அந்தப் பிரிவுக்குத் திங்களும் புதனும் என்று பிரித்து, எதில் சேர விருப்பம் என்று கேட்பதில் என்ன தடை? மாலையிலும் வார இறுதியிலும் வகுப்பு வைத்து, வேலை செய்கிற பிஎஸ்டபிள்யூமாரை நேர்ஸாக்குகிற வழியை இந்த மாகாணத்திலேயே செய்துகாட்டிய கல்லூரிகள் உண்டு. கிளினிக்கல் இடம் ஒதுக்கும்போது வீட்டு விலாசத்தையும் ஒருமுறை பார்த்தால் நல்லது. 2023 யூலையில் ஸ்காபரோ ரயில் தடம் புரண்டு, அந்தப் பாதையே மூடப்பட்டது. கார் இல்லாதவர் ஸ்காபரோவிலிருந்து நகரத்தின் மறு அந்தத்தில் காலை ஏழு மணிக்கு நிற்பது எப்படி என்று பஸ்காரரிடம் கேட்டாலும் பதில் வராது.

காசு பற்றி நீட்டப்போவதில்லை. நேர்சிங் போன்ற படிப்புகளுக்கு மாகாணம் தருகிற ஒன்ராறியோ லேர்ன் அன்ட் ஸ்டே உதவி 2023 இல் வந்தபோது அது மாகாணத்தின் வடக்கு, கிழக்கு, தென்மேற்குப் பகுதிகளுக்கு என்றுதான் வந்தது, ரொறன்ரோ அதில் இல்லை. ஆனால் பிஎஸ்டபிள்யூவாக இருந்து நேர்சிங் படிக்கிறவர்களுக்கு பிகின் என்ற உதவித்திட்டம் வந்தது. படிப்புச் செலவுக்கு வருடத்தில் 6,000 டொலர் வரை தந்தார்கள், பதிலுக்கு முதியோர் இல்லத்திலோ வீட்டுப் பராமரிப்பிலோ வேலை செய்து கொடுக்கவேண்டும் என்றார்கள். நான் எப்படியும் அங்கேதான் வேலை செய்யப்போகிறேன். ஒன்ராறியோவில் 2021 இல் வந்த சட்டம், முதியோர் இல்லங்களில் இருக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணித்தியாலம் நேரடிப் பராமரிப்பு என்று இலக்கு வைத்து, 2025 மார்ச் 31 வரை தவணையும் போட்டது. அந்த மணித்தியாலங்களைக் கொடுப்பதற்கு ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? ஏற்கனவே இந்த வேலையைத் தெரிந்தவர்கள் உங்கள் வாசலில்தான் நிற்கிறோம்.

செப்ரெம்பர் வகுப்புக்குப் பெப்ரவரி 1க்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறீர்கள். இடம் தருகிற கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள்: முதல் செமஸ்ரரில் வகுப்பும் ஆய்வுகூடமும் இந்தக் கிழமைகளில். மணி நேரமும் அறை இலக்கமும் ஓகஸ்ற்றில் வரட்டும், பரவாயில்லை. எங்கள் இல்லத்தில் கோடை விடுமுறைக்கான ஷிப்ற் மாற்றங்களை மே மாதத்தில் கேட்பார்கள். அதற்கு முன் அந்த வரி கையில் இருந்தால், எந்த இரவுகளை விட்டுக்கொடுப்பது என்று என் மேலாளரிடம் போய்க் கதைப்பேன்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ற் பிஎஸ்டபிள்யூ ஒருவர்,
ஸ்காபரோ