கிரான் இருக்கவே இருக்கும் என்று நம்ப வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு கடைகளுக்கான சர்வர் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் அதில், லினக்ஸ் சர்வரில் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) இருக்கவே இருக்கும், ஒரு வரி எழுதிவிட்டால் தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப் தானாக எடுத்துக்கொள்ளும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தார்கள். இதே நினைப்பில் இருந்துதான் நான் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"இருக்கவே இருக்கும்" என்பது ஒரு காலத்துப் பேச்சு. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸின் 1979-ல் வந்த ஏழாம் பதிப்பிலேயே கிரான் உண்டு என்பதால், அது சிஸ்டத்தோடு பிறந்தது என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போய்விட்டது. இன்று கன்டெய்னர் இமேஜ்களில் (ஒரு செயலிக்குத் தேவையானதை மட்டும் கட்டி வைத்த சிறு சிஸ்டங்கள்) பெரும்பாலும் அது கிடையாது. அமேசான் லினக்ஸ் 2023-லும் தானாக வராது. நாம்தான் நிறுவ வேண்டும். பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் பேக்கேஜின் (நிறுவும் தொகுப்பு) பெயரும் கிரான், சர்வீஸின் (பின்னணியில் ஓடும் நிரல்) பெயரும் கிரான். ரெட்ஹாட் குடும்பத்தில் பேக்கேஜ் குரோனி, சர்வீஸ் கிரான்டி. பால் விக்சி 1987-ல் எழுதிய கிரானிலிருந்து 2007-ல் ரெட்ஹாட் பிரித்தெடுத்து வளர்த்ததுதான் இந்தக் குரோனி. உபுண்டுவில் நிறுவினால் அப்போதே ஓடத் தொடங்கிவிடும். ரெட்ஹாட் பக்கம் ஸ்டார்ட் கொடுத்தால்தான் ஓடும். அடுத்த ரீபூட்டுக்குப் பிறகும் ஓட வேண்டுமென்றால் எனேபிள் ஆகியிருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும். நிறுவுவது, ஸ்டார்ட், எனேபிள் மூன்றும் மூன்று வேலை. கட்டுரையில் இந்த மூன்றுமே இல்லை.

என் கதைக்கு வருகிறேன். அந்தக் கடையின் பில்லிங் சர்வர் வாடகைக்கு எடுத்தது, ரெட்ஹாட் குடும்பம். குரோனியை நிறுவி, சர்வீஸைத் தொடங்கி, இரவு 2 மணிக்கு பேக்கப் என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஏழரைக்கு கடை முதலாளி அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, பில்லு சுத்திக்கிட்டே நிக்குது, இங்க யாவாரி வரிசைல நிக்கிறாரு." மல்லி வரத்து கனமாக இருக்கும் நேரம் அது. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டது. நெட் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் அதே ஏழரை.

லாகைத் திறந்து பார்த்தால், என் பேக்கப் 02:00 மணிக்குச் சரியாக ஓடியிருக்கிறது. யுடிசி 02:00, அதாவது உலகப் பொது நேரம். சர்வர் இருப்பது மும்பையில், கடிகாரம் மட்டும் கிரீன்விச்சில். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம்மூர் ஏழரை. பேக்கப் எடுக்கும்போது டேபிள்களைப் பூட்டிவிடும், அதுவரை பில் போட முடியாது. (பூட்டாமலே நகலெடுக்கும் சிங்கிள் டிரான்சாக்‌ஷன் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அவை மைஐசாம் என்ற பழைய வகை டேபிள்கள், அந்த வித்தை அவற்றிடம் பலிக்காது.)

நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றினேன். கிரான்டியை ரீஸ்டார்ட் செய்யவில்லை. மாற்றத்தை அது தானாக எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன், எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாளும் ஏழரைக்கு போன். அப்போது அண்ணாச்சி தம்பி என்று கூப்பிடுவதை விட்டிருந்தார். பதற்றத்தில் பேக்கப்பைக் கொன்று, கிரான்டியை ஸ்டாப், கூடவே டிஸேபிள் என்று அடித்துவிட்டேன்.

அன்று மதியம் கடைக்கே போய் உட்கார்ந்தேன். இரவு 2 மணி என்பது ஆபீஸ்களுக்குத்தான் ஓய்வு நேரம். முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவில் அந்தக் கடையில் 2 மணிக்கே ஆள் இருக்கும், பில்லும் ஓடும். கணக்கு எழுதும் அக்கா சொன்னார்: "எங்களுக்கு நடுச்சாமம்னா மத்தியானம் மூணு மணிதான் தம்பி." வாசலில் வாடிய பூவைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். தராசு சும்மா கிடந்தது. வரியை 0 15 * * * (தினமும் பிற்பகல் 3 மணி) என்று மாற்றினேன். ஸ்டார்ட் கொடுத்தேன். மூன்று மணிக்கு ஓடியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். காலையில் டிஸேபிள் அடித்தது நினைவிலேயே இல்லை.

சில வாரம் கழித்து கர்னல் அப்டேட்டுக்காக நானே ரீபூட் செய்தேன். கிரான்டி எழவில்லை. ஓடாத கிரான் யாரிடமும் புகார் சொல்லாது. ஓடுகிற கிரானே பிழை நேர்ந்தால் மெயில்தான் அனுப்பும், அந்த சர்வரில் மெயில் வசதியும் கிடையாது. ஒரு விவசாயியின் கணக்கைக் கடையில் யாரோ தவறுதலாக அழித்துவிட்டு என்னைத் தேடியபோது, கடைசி பேக்கப் பத்தொன்பது நாள் பழசு. அந்தப் பத்தொன்பது நாள் கணக்கைத் துண்டுச் சீட்டுகளிலிருந்து நானும் அக்காவும் உட்கார்ந்து ஏற்றினோம்.

கட்டுரையில் கொடுத்திருந்த மாதிரி வரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்ப்பதற்காக அதில் சதவீதக் குறி வருகிறது. கிரான்டேப்பில் (கிரானுக்கான வரிகளை எழுதும் பட்டியல்) வெறும் சதவீதக் குறி வந்தால் கட்டளை அதோடு முடிந்தது, மீதியைக் கட்டளைக்கான உள்ளீடாக எடுத்துக்கொள்ளும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். கையால் ஓட்டும்போது அழகாக ஓடும், கிரானில் மட்டும் கோப்பே உருவாகாது. படித்தவர்களில் யாராவது அந்த வரியை அப்படியே நகலெடுத்திருந்தால் இன்றே போய்ப் பார்க்கட்டும். பார்க்கும்போது கிரான்டேப் கட்டளையோடு மைனஸ் ஈ (திருத்துவதற்கு) என்று அடிக்கவும். விசைப்பலகையில் அதை ஒட்டியே இருக்கும் ஆர் விசையைத் தட்டிவிட்டால், ஒரு வார்த்தை கேட்காமல் மொத்த கிரான்டேப்பையும் துடைத்துவிடும்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால், நேர மண்டலம், எனேபிள், சதவீதக் குறி இந்த மூன்றையாவது சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால், கடைக்காரரிடம் அவர் ஓய்வு நேரம் எது என்று கேட்டுவிட்டு மணியை எழுதச் சொல்லுங்கள்.

இப்போது திங்கட்கிழமைதோறும் அக்கா கடைசி பேக்கப்பின் தேதியைப் பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன திங்கள் மறந்துவிட்டார். சாயங்காலம் நான்தான் கேட்டு வாங்கினேன்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிக்கும் ஒரு வாசகன்,
அனுப்பானடி, மதுரை.