தடுப்பூசி முகாம் தேதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாடுகளுக்கான கோமாரி நோய்த் தடுப்பூசி முகாம்களை ஐப்பசி மழைக்குப் போதிய நாட்கள் முன்னதாகவும், தோட்டங்களில் நடக்கும் பருவ வேலைகளை அனுசரித்தும் நடத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தாராபுரம், காங்கயம் வட்டாரங்களில் விவசாயக் குடும்பங்கள் பலவும் ஊருக்குள் இல்லாமல் அவரவர் தோட்டத்து வீடான சாளையிலேயே குடியிருக்கின்றன. புரட்டாசி பிறந்துவிட்டால் மாடு கட்டும் கட்டுத்தரைக்கு மண் கொட்டி மேடாக்குவது, கொட்டகைக் கூரையைச் சரிசெய்வது, எஞ்சியிருக்கும் சோளத்தட்டுப் போரை நனையாமல் மூடுவது, மானாவாரிக் காட்டில் தீவனச் சோளம் விதைப்பது என அத்தனை வேலையும் வீட்டிலிருக்கும் இரண்டு பேர் தலையில்தான் விழுகிறது. இவற்றில் கட்டுத்தரை வேலையைத் தள்ளிப்போடவே முடியாது. தரை சேறானால் குளம்பிடுக்கில் புண் வந்துவிடும்.

இந்த நெருக்கடியில், 'நாளை காலை முகாம்' என்று முதல்நாள் மாலை தகவல் வருகிறது. பல தோட்டங்களுக்கு அதுவும் வருவதில்லை. காலையில் பால் கறந்து, வேலியிட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்குள் விட்டுவிட்ட காங்கேயம் மாட்டை, வளர்த்தவரே போய்க் கூப்பிட்டாலும் வெயிலேறிய பின் பிடிப்பது எளிதன்று; மாலையில் தண்ணீர்த் தொட்டிக்கு வரும்போதுதான் கயிறு போட முடியும். அதற்குள் முகாம் முடிந்து, ஐஸ் பெட்டியோடு வந்த ஊழியர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய மருந்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கொறங்காட்டு வாசலிலும் அவர்களால் காத்திருக்க முடியாது.

ஊசி போட்ட அன்றே மாட்டுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை. இரண்டு, மூன்று வாரங்கள் பிடிக்கும். எனவே மழை தொடங்கிய பிறகு போடப்படும் ஊசி, நோய் பரவும் முதல் வாரங்களில் மாட்டைக் காப்பாற்றாது. நான்கு மாதக் கன்றுக்கு முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்த ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ற ஒழுங்கும், ஒரு முகாம் தவறினால் குலைந்துவிடுகிறது. சினை கலைந்துபோகச் செய்யும் கன்று வீச்சு நோய்க்கான ஊசியை நான்கிலிருந்து எட்டு மாதம் வரையுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு மட்டுமே போடுகிறார்கள். அந்த வயதைத் தாண்டிய கிடாரிக்கு மீண்டும் வாய்ப்பு இல்லை.

முகாம் நாளைக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகப் பால் கூட்டுறவுச் சங்கங்களில் எழுதி வைத்தால் போதும். காலையும் மாலையும் பால் ஊற்ற வருவோர் அக்கம்பக்கத் தோட்டங்களுக்குச் சேதியைக் கொண்டுபோய்விடுவார்கள். முகாமை விடியற்காலையிலேயே, மாடுகள் கட்டுத்தரையில் நிற்கும்போது, நாலைந்து தோட்டங்களுக்குப் பொதுவான ஓரிடத்தில் நடத்தலாம். ஊசி போட்டபின் இரண்டொரு நாள் பால் குறையக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. அதை யாரும் சொல்லாததாலேயே கறவை மாட்டை முகாமுக்கு ஓட்டிவரத் தயங்குவோர் இப்பகுதியில் உண்டு. நிறைசினை என்று திருப்பி அனுப்பப்படும் மாடுகளைத் தனியே குறித்துவைத்து, அவை கன்று ஈன்றபின் ஊசி போடவும் கால்நடை பராமரிப்புத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.